வெட்கப்படாத கோரா: ஒரு பணிப்பெண்ணின் கதையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய ‘கோரா அன்அஷேம்ட்’ என்ற சிறுகதையை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் கூடி, தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துவருகிறோம். புதுச்சேரியிலிருந்தும் சிலர் வருகிறார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் படியிறங்கும்போது கேட்கும் கேள்விகள்தாம் பெரும்பாலும் நல்ல கேள்விகளாக இருக்கின்றன. அவற்றையும், ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்துவிடும் சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, கூட்டத்தில் எல்லோருக்கும் ஒப்புதலானவை என்று சொல்லமாட்டேன்.

கதையைப் படிக்காதவர்களுக்காக ஒருமுறை சொல்ல முடியுமா?

மெல்ட்டன் என்ற சிற்றூர். கிராமம் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரிது, நகரம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிது. அங்கே இருக்கும் ஒரே கறுப்பினக் குடும்பம் ஜென்கின்ஸ் குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள் கோரா. எட்டாம் வகுப்போடு படிப்பு நிற்கிறது. ஸ்டூடவன்ட் என்ற வெள்ளைக்காரர் வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். தம்பி தங்கைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். குடிகார அப்பாவையும் நோயாளி அம்மாவையும் வைத்துக்கொண்டு கோரா மட்டும் அங்கேயே இருக்கிறாள்.

இளவயதில் அவளுக்கு ஒருவன் மீது காதல் வருகிறது. ஜோ என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரக் கூலியாள், குதிரை லாயத்தில் வேலை. கொஞ்ச நாளில் அவன் போய்விடுகிறான். கோரா பிள்ளை பெறுகிறாள். எங்கேயும் ஓடி ஒளியவில்லை, யாரிடமும் மறைக்கவில்லை. குழந்தைக்கு அப்பன் பெயரை ஒட்டி ஜோசஃபின் என்று பெயர் வைக்கிறாள். குழந்தை கக்குவான் இருமலில் இறந்துபோகிறது. புதைகுழியின் ஓரத்தில் நின்று கோரா கடவுளையே திட்டுகிறாள். ஊர் வெள்ளைக்காரர்களுக்கு அது அதிர்ச்சி.

அதே காலத்தில் எஜமானி திருமதி ஆர்ட் ஸ்டூடவன்டுக்கும் ஒரு பெண் குழந்தை: ஜெசி. தன் மகளிடம் கொடுக்க முடியாமல் போன அன்பையெல்லாம் கோரா இந்தக் குழந்தையிடம் கொடுக்கிறாள். ஜெசி படிப்பில் மந்தம். சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்து இருப்பவள், கோராவின் சமையலறைக்குள் வந்தால் சிரிக்கிறாள், பேசுகிறாள். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில், 19 வயதில், ஐஸ்கிரீம் கடைக்காரரின் மகன் வில்லி என்ற கிரேக்கப் பையனோடு பழகிக் கருவுறுகிறாள். முதலில் கோராவிடம்தான் சொல்கிறாள். வேண்டும் என்று நினைக்கிற பிள்ளையைப் பெறுவதில் என்ன கஷ்டம், நானும் பெற்றவள்தானே என்பது கோராவின் எண்ணம். அவளே வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள்.

திருமதி ஆர்ட் மயங்கி விழுகிறார். பிறகு எழுந்து, ஈஸ்டருக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மகளைக் கன்சாஸ் சிட்டிக்கு அழைத்துப் போகிறார். கருவைக் கலைத்து அழைத்துவருகிறார். வயிற்றுக் கோளாறு என்று வெளியே பேச்சு. கொஞ்ச நாளில் ஜெசி இறந்துவிடுகிறாள். நடுக்கூடத்தில் பிணம் இருக்க, பூக்களும் பாட்டுமாக இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது கோரா எழுந்து எல்லார் முன்பாகவும், உன்னைக் கொன்றுவிட்டார்கள், உன் பிள்ளையையும் கொன்றுவிட்டார்கள் என்று சொல்கிறாள். அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அன்றோடு அந்த வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறாள்.

முழுக்கதையையும் சொல்லிவிட்டீர்களே, இனிப் படித்தால் சுவை இருக்குமா?

இருக்கும். இது முடிவை மறைத்து வைத்துப் பிழைக்கும் கதை இல்லை. ஹியூஸ் கவிஞர், வாக்கியங்கள் சின்னதாக, பேச்சுபோல இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம்.

கதையில் கோராவை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பிறகு இன அநீதி எங்கே இருக்கிறது?

தவறாமல் வரும் கேள்வி. பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்கள்தாம் கேட்கிறார்கள். சவுக்கும் தூக்குக் கயிறும் கண்ணில் பட்டால்தான் நிறவெறி என்று நாம் பழகியிருக்கிறோம்.

கதையின் முதல் பக்கத்திலேயே ஹியூஸ் ஒரு பட்டியல் தருகிறார். துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, சமைப்பது, தரை தேய்ப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வயதானவர்களுக்குப் பணிவிடை, அடுப்பு மூட்டுவது, தண்ணீர் சுமப்பது. அடுத்து எஜமானியின் ஏவல்கள் வருகின்றன. நாளை பிறந்தநாள், மூன்று கேக் செய். நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு. கிழவிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடு. ஒவ்வொன்றும் சாதாரண வாக்கியம். மொத்தமாகக் கேட்டால் மூச்சு முட்டுகிறது. கோரா தங்களுக்குச் சொந்தம் என்று ஸ்டூடவன்டுகள் நினைத்தார்கள், அவர்கள் நினைத்தது சரிதான் என்று கதாசிரியரே குத்தலாகச் சொல்லிவிடுகிறார். அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. கதை நடப்பது 20ஆம் நூற்றாண்டில். ஆனால் அந்த ஊரில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேறு வேலை கிடையாது. அவள் போய்விட்டால் அப்பா அம்மாவுக்குச் சோறு கிடையாது. இந்த இரண்டும் போதும், சங்கிலி தேவையில்லை.

இதற்குச் சட்டமும் உடந்தையாக இருந்தது. கதை வெளிவந்த இரண்டாவது வருடம், 1935இல், அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதுமைக்கால ஓய்வூதியம் அதில்தான் தொடங்கியது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். அன்றைக்குக் கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் செய்துகொண்டிருந்த வேலைகள் இந்த இரண்டும்தாம். 1938இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அவர்களை விட்டுவிட்டது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தச் சட்டம் 1974இல்தான் நீட்டிக்கப்பட்டது. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இருக்காது. தொழிலின் பெயரைச் சொல்லியே வேலை முடிந்துவிட்டது.

தாய்மை பற்றிய கதை என்கிறீர்கள். கோரா தாயா, செவிலியா?

இரண்டும். சிக்கலே அதில்தான்.

ஜோசஃபின் இறந்த பிறகு கோரா திரும்பி வருவது எஜமானி வீட்டுச் சமையலறைக்கு. அழுது தீர்க்க அவளுக்கென்று ஒரு வீடு இருந்தும், நேரம் இல்லை. இந்த இடத்தைப் படித்த அன்று எங்கள் கூட்டத்தில் ஒன்று நடந்தது. மஞ்சக்குப்பத்தில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, தான் வேலை செய்யும் வீட்டு அம்மாவோடு சேர்ந்து வந்திருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தும் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் மும்முரமாக இன அரசியல் பேசிக்கொண்டிருந்தோம், யாரும் நாற்காலியை நகர்த்திப் போடவில்லை. பேச்சு ஓய்ந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: பிள்ளையைப் புதைத்த மறுநாள் அந்த வீட்டில் சமையல் யார் செய்தது?

இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் வேறு எங்கும் படிக்கவில்லை. மகளை இழந்த தாய் கோரா. ஆனால் துக்கம் காக்கும் உரிமை அவளுக்கு இல்லை. அந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டேதான் இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள்.

அடுத்தது இன்னும் கொடுமை. 19 வருடம் வளர்த்தாள். யார் கண்ணிலும் படாத ஜெசி அவள் கண்ணில் பட்டாள். ஆனால் ஜெசியின் வயிற்றில் இருக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அறையில் கோராவுக்கு இடமில்லை. ரயிலேறிய பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அந்த வீடு ஒரு தாய் செய்யும் வேலை அத்தனையையும் அவளிடம் வாங்கிக்கொண்டது. தாய்க்கு உள்ள உரிமையில் ஒரு நூலளவும் தரவில்லை. சம்பளம் கொடுத்துக் கைகளை வாங்கியவர்கள், நெஞ்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கணக்கு எழுதவில்லை.

எங்கள் வீட்டில் ஒருத்தியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லும் எஜமானிகள் நம் ஊரிலும் நிறைய. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் ஒருத்தி என்றால் வீட்டு விஷயத்தில் அவளிடம் எப்போதாவது கருத்துக் கேட்டிருக்கிறீர்களா என்று மட்டும் அவர்களைக் கேட்கத் தோன்றும்.

தன்னை அடிமைபோல நடத்தும் குடும்பத்தின் பிள்ளையை நேசிப்பது அடிமைப் புத்தி இல்லையா?

புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர் கோபமாகக் கேட்டது. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பருத்த உடம்பும் வெள்ளை ஏப்ரனுமாக, வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தன் உயிராக நினைக்கும் கறுப்பினத் தாதி அமெரிக்கக் கதைகளிலும் திரைப்படங்களிலும் தேய்ந்துபோன வார்ப்பு. அவளுக்கென்று பிள்ளை இருக்காது, ஆசை இருக்காது, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். அந்த விருது அவருக்குக் கிடைத்ததே இப்படி ஒரு வேடத்துக்காகத்தான். விருது வாங்க வந்தவரை அந்த அரங்கில் தனி மேசையில் உட்கார வைத்தார்கள்.

ஹியூஸ் அந்த வார்ப்பை எடுத்துத்தான் உடைக்கிறார். கோராவுக்குக் காதலன் உண்டு, சொந்தப் பிள்ளை உண்டு, வாய்நிறைய வசவு உண்டு. ஜெசியை அவள் நேசிப்பது எஜமான விசுவாசம் என்றால், கடைசியில் எஜமானியைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கொலைகாரி என்று சொல்லியிருக்க மாட்டாள். அன்புதான் அவளைப் பேசவைத்தது. பிறகு அன்பை எப்படி அடிமைப் புத்தி என்பது?

மாணவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. கோரா வாய் திறக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் சாக வேண்டியிருந்தது, சொந்த மகள் செத்தபோது கடவுளைத்தானே திட்டினாள் என்றார். அது எனக்கும் உறுத்துகிறது.

அப்படியானால் திருமதி ஆர்ட்தானே கதையின் கெட்டவர்?

கெட்டவர் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. அந்த நிம்மதியைக் கதை தரவில்லை. அவருக்கு மகள் மீது அன்பு இல்லை என்று எங்கும் இல்லை. பயம்தான் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் சங்கத்தில் தலைமைப் பதவி, கணவரின் பெயர், சாப்பாட்டு மேசையின் கௌரவம். கோராவுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை, ஏனென்றால் ஊர் அவளை ஏற்கனவே கடைசிப் படியில் வைத்தாயிற்று. தள்ளிவிட வேறு படி இல்லை. திருமதி ஆர்ட்டுக்கோ விழுவதற்கு நிறையப் படிகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் கடலூர்க்காரர்களுக்கு ஜெயகாந்தன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1934இல் இதே மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் அவர். 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளை, ஏழைத் தாய் முதலில் அடித்து அழுகிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவளும் ஊருக்குப் பயந்தவள்தான், அவளும் மறைக்கத்தான் சொல்கிறாள். ஆனால் மறைத்ததில் மகள் பிழைத்தாள். திருமதி ஆர்ட் மறைத்ததில் மகள் செத்தாள். இரண்டு கதைகளையும் ஒரே வாரத்தில் படித்துப் பாருங்கள். பயந்த தாய்மார்கள் எல்லோரும் ஒன்றல்ல என்று தெரியும்.

கருக்கலைப்பே பாவம் என்று சொல்லும் கதையா இது?

இல்லை. ஜெசிக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அவள் விருப்பத்தைக் கேட்காமல், குடும்ப மானத்துக்காக, சட்டம் தடுத்திருந்த காலத்தில் ரகசியமாகச் செய்யப்பட்ட கலைப்பு அது. அமெரிக்காவில் 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியது. 2022இல் அதே நீதிமன்றம் அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் 1971இலிருந்து நிபந்தனைகளோடு சட்டம் அனுமதிக்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தச் சட்டங்கள் எதுவும், பிள்ளை வேண்டும் என்று சொல்லும் வயது வந்த பெண்ணின் கருவைக் குடும்பம் கலைக்கலாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பையன் ஏன் கிரேக்கன்? அவனும் வெள்ளைக்காரன்தானே?

மெல்ட்டன் ஊர்க் கணக்கில் அவன் முழு வெள்ளை இல்லை. ஐஸ்கிரீம் விற்கிறவன், வெளியூர்க்காரன், பெயரே வாயில் நுழையாது. ஜெசி விவகாரத்துக்குப் பிறகு திருமதி ஆர்ட் சும்மா இருக்கவில்லை. ஊரில் வேண்டாத வியாபாரிகளை ஒழிக்க வேண்டும் என்று பெண்கள் சங்கம் ஒரு இயக்கம் தொடங்குகிறது; கடை உரிமம் போகிறது, வில்லியின் குடும்பமும் ஊரை விட்டுப் போகிறது. ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினை ஊர் சுத்தப்படுத்தும் தீர்மானமாக மாறும் விதத்தை ஹியூஸ் சில வரிகளில் எழுதிவிடுகிறார்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவை மட்டும் பேசிக் கலைவது எங்களால் முடியவில்லை. 2003இல், இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் தலித். கண்ணகியைக் கொன்றவர்கள் அவரைப் பெற்று வளர்த்த குடும்பத்தார். 18 வருடம் கழித்து, 2021இல், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் இரண்டு பேர் காவல்துறையினர். உன்னைக் கொன்றுவிட்டார்கள் என்று கோரா சொல்லும் வரியை எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது விருத்தாசலத்துக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படியென்றால் சாதியும் நிறவெறியும் ஒன்றுதானா?

ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டையும் சரியாகப் பார்க்க முடியாது. ஒப்பிடலாம், ஒப்பிட்டே ஆக வேண்டும். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் குறைகளை ஐ.நா. முன் வைக்கும் முயற்சியைப் பற்றிக் கேட்டிருந்தார். தீண்டப்படாதவர்களின் நிலைக்கும் அவர்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் சொன்னார். டு போய்ஸ் பதிலும் எழுதினார். 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ், பெயரையே ‘பிளாக் பேந்தர்ஸ்’ என்ற அமெரிக்கக் கறுப்பினப் போராட்ட அமைப்பிடமிருந்து எடுத்துக்கொண்டது.

ஆனால் வித்தியாசத்தைச் சமையலறையில் பார்க்கலாம். கோரா சமைத்ததை ஸ்டூடவன்டுகள் சாப்பிடுகிறார்கள். அவள் மடியில் அவர்கள் பிள்ளை வளர்கிறது. தொட்டால் தீட்டு என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. தொடலாம், ஆனால் சமமாக உட்காரக் கூடாது. நம் ஊரில் கணக்கே வேறு. பாத்திரம் துலக்குபவருக்குப் பின்வாசல் வழியாக முற்றம் வரை அனுமதி, பெருக்குபவருக்குக் கூடம் வரை, பூஜை அறைக்கு யாருக்கும் கிடையாது. சமையலுக்கு ஆள் கேட்கும் பேச்சு, நம்மவர்களாக இருந்தால் நல்லது என்றுதான் தொடங்கும். கழிப்பறை கழுவுபவர் எப்போதும் தனி. பாமாவின் ‘கருக்கு’ (1992) தன் வரலாற்றில், நிலக்காரர் வீட்டில் வேலை செய்யும் பாட்டி கையேந்தி நிற்க, மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த உயரம் அமெரிக்கக் கதையில் இல்லாதது. துலக்குமேடை ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளரை இன்றைக்கும் பல வீடுகளில் பார்க்கலாம். கேட்டால், சுகாதாரத்துக்காக என்பார்கள். அந்தத் தம்ளரைக் கழுவுபவரும் அவரேதான்.

நிறம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று புதுச்சேரிக்காரர்கள் சொன்னால் மட்டும் நான் சிரித்துவிடுவேன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரித்துக் கட்டிய ஊர் அது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றிய பதிவு இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கிழக்குத் தெருக்களில் மஞ்சள் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு ஆண் எழுதிய கதை. தாய்மையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

பிள்ளை பெற்றவர் அல்ல; உழைக்கும் பெண்களுக்கு நடுவே வளர்ந்தவர். பாட்டியிடம் வளர்ந்தார், அம்மா வேலை தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஹியூஸும் கப்பலில் எடுபிடி வேலை, ஹோட்டலில் மேசை துடைக்கும் வேலை எல்லாம் பார்த்தவர். 1932இல் ஒரு திரைப்படக் குழுவோடு சோவியத் யூனியனுக்குப் போனார். படம் நடக்கவில்லை, அவர் தங்கிவிட்டார். மாஸ்கோவில் டி. எச். லாரன்ஸின் சிறுகதைகளைப் படித்த வேகத்தில் கதைகள் எழுத உட்கார்ந்தார். ‘கோரா’ 1933இல் பத்திரிகையில் வந்தது. 1934இல் வெளிவந்த ‘தி வேஸ் ஆஃப் ஒயிட் ஃபோக்ஸ்’ தொகுப்பின் முதல் கதை அதுதான்.

திரைப்படம் இருக்கிறதாமே?

2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. கோராவாக ரெஜினா டெய்லர் நடித்தார். கதையைப் படித்துவிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்பவரோடு இந்தக் கதையைப் பேசலாமா? சங்கடமாக இருக்காதா?

இருக்கும். உங்களுக்குத்தான் அதிகம் இருக்கும். கதையைச் சொல்லி அவரிடமிருந்து பாராட்டு எதிர்பார்ப்பதாக இருந்தால் வேண்டாம். வேலை நேரத்தில் நிறுத்திவைத்துச் சொல்வதும் வேண்டாம். அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகும். கூட்டத்துக்கு அழைப்பதானால் அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். வந்தால் நாற்காலி எடுத்துப் போடுங்கள்.

கதை பேசுவதைவிட முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை பெற்றபோது அவர் எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார், அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அலுவலகம் போகும் பெண்ணுக்கு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. அந்த விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வருபவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதிகாலையில் ரெட்டிச்சாவடிப் பக்கத்திலிருந்து புதுச்சேரி அடுக்குமாடிகளுக்குப் பஸ் ஏறும் பெண்கள் பலர், தங்கள் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டுத்தான் இன்னொருவர் கைக்குழந்தையைத் தூக்கப் போகிறார்கள்.

இங்கே இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாதா?

கொஞ்சம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை, பின்னர் ஓய்வூதியம் உண்டு. வேலை செய்யும் வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லையும் 2013 சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் அதில் சேரவில்லை.

வாரியத்தில் பதிவு செய்ய, வீட்டுக்காரர் இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று ஒப்புக்கொண்டால் வேலை எளிது. பலர் அதற்கே தயங்குகிறார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் சொத்தில் பங்கு கேட்டுவிடுவாரோ என்று பயப்படுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியில் கோரா வேலையை இழந்ததுதானே மிச்சம்? அது தோல்வி இல்லையா?

அப்பா பழைய இரும்பு பொறுக்குகிறார், வீட்டுத் தோட்டத்தில் காய்கறி போடுகிறார்கள், எப்படியோ காலம் ஓடுகிறது என்று கதை முடிகிறது. வென்றாள் என்று ஹியூஸ் எழுதவில்லை. பசிக்கும் என்பது அவருக்குத் தெரியும். நாற்பது வயதில், ஊரின் ஒரே வேலையை விட்டு வந்தவள். எங்கள் கூட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இதைத் தோல்வி என்று சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவர்கள்தாம் ஐயோ பாவம் என்றார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதினொன்றாம் வகுப்புக்கு மேல் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு.

அடுத்து எதைப் படிக்கலாம்?

ஹியூஸின் தொகுப்பு வந்த அதே 1934இல் வெளியான புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், நம் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடலாம். இரண்டு பக்கம்தான் வரும். ஆலையில் வேலை செய்யும் அம்மாளு, குதிரை வண்டியிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி கொடுக்க இருட்டுச் சந்தில் ஒருவனோடு போகிறாள். கற்பைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறவர்களைக் கடைசி வரியில் ஆசிரியர் ஒரு பிடி பிடிப்பார். கோராவும் அம்மாளுவும் சந்தித்தால் யார் முதலில் பேசுவார்கள் என்று கூட்டத்தில் ஒருநாள் சண்டையே வந்தது. அம்மாளு பேசமாட்டாள், கஞ்சி ஆறிவிடும் என்று போய்விடுவாள் என்பது என் கட்சி.